பாய் விரிக்க எங்கே இடம்? பம்பாய் வீடுகளும் ஊர் விருந்தாளிகளும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பி.காம். படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக வங்கியில் குப்பை கொட்டுகிறவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? பொறுத்துக்கொள்ளுங்கள்.

மும்பையில் வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி என்று நான்கு இடங்களில் 'பி.டி.டி. சால்' என்ற பெயரில் நூறு வருடப் பழைய கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றாக இடித்து அடுக்குமாடி எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். 1920-ல் அன்றைய பம்பாய் அரசாங்கம் ஆரம்பித்த பம்பாய் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட் கட்டியதால் அந்தப் பெயர். மொத்தம் 207 கட்டடங்கள். தரைத்தளமும் அதன்மேல் மூன்று மாடியும். ஒரு தளத்துக்கு 20 அறை, ஆக ஒரு கட்டடத்துக்கு 80. ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு அறை, சுமார் 160 சதுர அடி. கழிவறை பொது.

இப்போது கணக்கு. ஒரு ஆள் படுக்கும் கோரைப்பாய் ஆறடிக்கு மூன்றடி, அதாவது 18 சதுர அடி. அறையில் அடுப்பு மேடை, தண்ணீர் டிரம், டிரங்குப் பெட்டி, சாமி ஷெல்ஃப், ஒரு கட்டில், இதற்கெல்லாம் 60 சதுர அடியைக் கழித்துவிடுங்கள். மிச்சம் 100. ஐந்து பாய் விரிக்கலாம். கட்டிலில் ஒருவர், கட்டிலுக்கு அடியில் ஒரு பையன் என்று சேர்த்தால் ஏழு பேர். வீட்டு மனுஷர்களே ஆறு பேர் இருப்பார்கள். அப்புறம் தீபாவளிக்கும் மே மாத லீவுக்கும் ஊரிலிருந்து ஐந்தாறு பேர் வந்து பத்து நாள், பதினைந்து நாள் தங்கிவிட்டுப் போனார்களே, அவர்களெல்லாம் எங்கே படுத்தார்கள்?

பழைய பம்பாய்க்காரர்களிடம் இதைக் கேட்டால் "மனசு பெரிசா இருந்தது சார்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனசு எவ்வளவு பெரிதானாலும் அதன்மேல் பாய் விரிக்க முடியாது இல்லையா? நிஜமாகவே எங்கோ இடம் இருந்திருக்க வேண்டும். அது எங்கே இருந்தது, பிறகு எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஊர்ப்பக்கம் இந்தக் கேள்விக்கே வேலை இல்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் வாசலில் திண்ணை, உள்ளே பட்டாசல், பின்னால் தொழுவம், மேலே மச்சு. ஆண் விருந்தாளி திண்ணையில் துண்டை விரித்தால் அவருக்கு அதுதான் அறை. கல்யாணம், கொடை என்று கூட்டம் கூடினால் பக்கத்து வீட்டுத் திண்ணையும் நம்முடையதுதான். வீட்டைக் கட்டும்போதே வரப்போகிறவனுக்கும் சேர்த்துக் கட்டினார்கள். பம்பாயில் தொழிலாளிக்கு வீடு கட்டியவர்கள் உள்ளே இருக்கப்போகிற ஆளையே சரியாக எண்ணவில்லை. 1911 கணக்கெடுப்பில் இந்த நகரத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள்.

சரி, சாலுக்கு வருவோம். இரண்டு பக்கமும் அறைகள், நடுவே நீள நடை. அல்லது அறைகளுக்கு முன்னால் மரக்கிராதி போட்ட நீளத் தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்துக்கு 'காலரி' என்று பெயர். சட்டப்படி அது நடமாடுவதற்கான பாதை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அது படுக்கை அறை. பெண்களும் குழந்தைகளும் உள்ளே, ஆண்களும் வளர்ந்த பையன்களும் வெளியே. மழை இல்லாத மாதங்களில் மொட்டை மாடியும் சேர்ந்துகொள்ளும். ஆக 160 சதுர அடி வீடு ராத்திரியானால் தானாகப் பெரிதாகும். காலையில் பாயைச் சுருட்டியதும் மறுபடி 160.

அதைவிட முக்கியமான ஒரு இடம் உண்டு. பக்கத்து அறை. மில்லில் மூன்று ஷிப்ட். ராத்திரி ஷிப்ட் போனவனின் படுக்கை காலியாகக் கிடக்கும். கொங்கணத்திலிருந்து வந்த மராத்திக் குடும்பங்கள் மே மாதம் மாம்பழ சீசனுக்கும், ஆவணி புரட்டாசியில் கணபதிக்கும் அறையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். பூட்டிய அறையின் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். மே மாதம் அவர்கள் போகிற நேரம் நம்முடைய ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டு நம் ஆட்கள் வருகிற நேரம். இதைவிடப் பொருத்தம் ஜாதகத்தில்கூட அமையாது.

எங்கள் பெரியப்பா சயான் பக்கம் ஒரு தனியார் சாலில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். 1990 மே மாதம் நாங்கள் அங்கே போயிருந்தோம். எனக்குப் பத்து வயது. திருநெல்வேலியிலிருந்து எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரல், பிறகு தாதர் எக்ஸ்பிரஸ். ஆச்சியையும் சேர்த்து நாங்கள் ஆறு பேர், அவர்கள் ஐந்து பேர். நாங்கள் இருந்த பன்னிரண்டு நாளும் ரத்னகிரி போயிருந்த பக்கத்து வீட்டுக்காரர்களின் அறையில்தான் ஆச்சியும் அம்மாவும் படுத்தார்கள். அந்தக் குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் வீட்டுக் கடிகாரம் அரைமணிக்கு ஒருமுறை அடிக்கும் என்பது மட்டும் நினைவிருக்கிறது. கிளம்பும்போது ஆச்சி அந்த அறையைக் கழுவித் துடைத்து, வாசலில் கோலம் போட்டு, கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டு ஒன்றை அவர்கள் அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வந்தாள். வாடகை என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

இந்த ஏற்பாட்டை இன்னும் முறையாகச் செய்தவர்கள் கோவாக்காரர்கள். தோபி தலாவ், மஜ்காவ் பக்கங்களில் 'கூட்' என்று சொல்லப்படும் கிளப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. கோவாவின் ஒரு கிராமத்துக்கு ஒரு கூட். கப்பலில் வேலைக்குப் போகிறவர்களும் வேலை தேடி வருகிறவர்களும் தங்குவதற்காக அந்தந்த ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தியது. ஒரு பெரிய கூடம், சுவரோரம் வரிசையாக டிரங்குப் பெட்டிகள், ஒரு கோடியில் பீடம், ராத்திரி எல்லோரும் சேர்ந்து ஜெபமாலை. ஒருவனுக்குச் சொந்தம் என்று இருப்பது பெட்டி வைக்கிற இடம் மட்டும்தான். இன்றும் சில கூட்கள் இருக்கின்றன. கொங்கணத்து கிராமங்களுக்கும் இப்படி ஊர்ப்பொது அறைகள் இருந்தன. யாராவது வருவார்கள் என்பதற்காகவே ஊர் கூடி ஒரு அறை பிடித்து வைத்திருந்ததை நினைத்துப் பாருங்கள். நம்மவர்கள் ஏன் இந்த அளவுக்குச் செய்யவில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு. சபா கட்டினோம், பள்ளிக்கூடம் கட்டினோம், கோயில் கட்டினோம். ஊருக்கு ஒரு அறை என்று பிடித்து வைக்கத் தோன்றவில்லை.

தாராவி வேறு கதை. அங்கே அறை நூறு சதுர அடிகூட இருக்காது. ஆனால் மேலே பலகையடித்து ஒரு பரண் போடுவார்கள். மராத்தியில் 'போட்மாளா' என்று பெயர். ஏணி வைத்து ஏற வேண்டும், நிமிர முடியாது. விருந்தாளிக்கு அதுதான் மாடி அறை. பொங்கலன்று பானைகள் எல்லாம் சந்திலும் 90 அடி ரோட்டிலும் வரிசையாக ஏறும். வீட்டுக்குள் இடம் இல்லை என்பதால் பண்டிகையே தெருவுக்கு வந்துவிட்டது. தெரு என்ற ஒன்று கைவசம் இருக்கும்வரை அவர்களுக்கு விருந்தாளிப் பிரச்சினை இல்லை.

இனி மாட்டுங்கா. 1896-ல் மாண்ட்வியில் பிளேக் கிளம்பி நகரமே காலியான பிறகுதான் அரசாங்கத்துக்குக் காற்றோட்டம் பற்றிய ஞானோதயம் வந்தது. 1898-ல் சட்டம் போட்டு சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்டை அமைத்தார்கள். அந்த டிரஸ்ட் மனைபோட்ட இடங்கள்தான் இன்றைய தாதர், மாட்டுங்கா பகுதிகள். டைப்பிஸ்ட், ஸ்டெனோ, கிளார்க் என்று வந்த நம்மவர்கள் கோட்டைப் பக்கத்து நெரிசலை விட்டு இங்கே குடியேற ஆரம்பித்தார்கள். இந்த வரலாற்றை நிகில் ராவ் என்பவர் விரிவாக ஆராய்ந்து 2013-ல் புத்தகமாக வெளியிட்டிருக்கிறார். மாட்டுங்காவில் குடியிருந்தவர்கள், குடியிருக்க ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் படிக்கலாம்.

அங்கே எழுந்தவை சால் அல்ல, ஃப்ளாட். இரண்டு மூன்று அறை, தனிச் சமையலறை, வீட்டுக்குள்ளேயே கழிவறை. கழிவறை உள்ளே இருப்பது ஆசாரக் குடும்பங்களுக்கு முதலில் தூக்கிவாரிப்போட்ட சமாச்சாரம். பிறகு பழகிப்போனது, அதுவே பெருமையும் ஆனது. அன்றைய வீட்டுத் தரகர்கள் பெருமையாகச் சொன்ன வார்த்தை 'செல்ஃப் கன்டெய்ன்ட்'. பிறத்தியாரிடம் எதற்கும் போய் நிற்க வேண்டாம் என்று அர்த்தம். விருந்தாளி விஷயத்தில் எல்லாம் மாறியது இந்த வார்த்தையில்தான் என்பது என் கட்சி. தண்ணீருக்குப் போக வேண்டாம், கழிவறைக்குப் போக வேண்டாம் என்றால், பக்கத்து வீட்டுச் சாவி நம் வீட்டு ஆணியில் தொங்க என்ன காரணம் இருக்கிறது?

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. மாட்டுங்கா ஃப்ளாட்டுகளுக்கு வராந்தா இருந்தது. கூட்டம் அதிகமானால் சாப்பாட்டை வெளியே தள்ளிவிட மெஸ்கள் இருந்தன. 1942-ல் ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் இன்றும் ஸ்டேஷன் பக்கத்தில் இலை போட்டுக்கொண்டிருக்கிறது. வந்த ஆண்களை இங்கே சாப்பிட அனுப்பிவிட்டு, வீட்டில் பெண்கள் மூச்சு விட்டுக்கொள்வார்கள்.

சட்டமும் விருந்தாளியின் பாயில் கால் வைத்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், நம்ம டிபார்ட்மென்ட்.

1947-ல் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1940 செப்டம்பர் 1-ல் என்ன வாடகையோ அதையே அளவுகோலாக வைத்து உறையவைத்தார்கள். குடியிருப்பவனுக்கு லாட்டரி. இருபது ரூபாய் வாடகை வீட்டை எவன் காலி செய்வான்? மகனுக்குக் கல்யாணம், பேரன் பிறப்பு எல்லாம் அதே அறையில். வாடகைக்கு விடுவதற்காகப் புதிதாகக் கட்டுகிறவர்களும் குறைந்தார்கள். ஆக, வீட்டு ஆட்களே பெருகி விருந்தாளியின் இடத்தில் படுத்துக்கொண்டார்கள்.

அது மட்டும் இல்லை. அந்தச் சட்டத்தில் உள்வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். குறைந்த வாடகையில் மாட்டிக்கொண்டு தவிக்கும் வீட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்குமா? ஒரு மாதத்துக்கு மேல் ஒரு புதுமுகம் காலரியில் பல் விளக்கினால் வீட்டுக்காரரின் மேத்தா (கணக்குப்பிள்ளை) வந்து "இவர் யார்?" என்பார். "என் மச்சினன், ஊரிலிருந்து வந்திருக்கிறான்" என்று சொல்ல வேண்டும். நிஜமாகவே மச்சினனாக இருப்பவர்களும் உண்டு. மாதம் பத்து ரூபாய் கொடுக்கிற மச்சினன்களும் உண்டு. விருந்தாளியா, உள்குடித்தனக்காரரா என்ற கேள்வி இந்த நகரத்தில் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது.

1973-ல் இன்னொரு திருத்தம். அந்த வருடம் பிப்ரவரி 1 அன்று லைசென்ஸ் பேரில் ஒரு அறையிலாவது குடியிருந்தவர்கள் எல்லோரும் சட்டப்படி வாடகைதாரர்களாகவே ஆனார்கள். நேற்றுவரை 'கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும்' என்று இடம் கொடுத்தவர்கள் விடிந்து பார்த்தால் வீடு போயிருந்தது. 'பேயிங் கெஸ்ட்' என்ற வார்த்தைக்குச் சட்டத்திலேயே விளக்கம் எழுத வேண்டிய ஊர் இது. இதற்குப் பிறகு, யாரையும் அதிக நாள் தங்கவைக்காதே என்பது பம்பாய் வீட்டுச் சொந்தக்காரர்களின் பாலபாடம் ஆகிவிட்டது. 1999-ல் புதுச் சட்டம் வந்து, 2000 மார்ச் 31 முதல் அமலானது. அதில் வங்கிகளுக்கு வாடகைதாரர் என்ற பாதுகாப்பே கிடையாது. எங்களைப் போன்றவர்களின் லீஸ் வீடுகளுக்கு மார்க்கெட் வாடகை கொடுப்பது அதனால்தான். (இந்தக் கதை தனியாக எழுத வேண்டியது, இங்கே வேண்டாம்.)

ரேஷனையும் மறக்கக் கூடாது. இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1943-ல் பம்பாயில் ரேஷன் ஆரம்பித்தது. போருக்குப் பிறகு போனது, 1966-ல் மகாராஷ்டிர அரசாங்க ஆணையோடு மறுபடி தலைகாட்டியது. தலைக்கு இவ்வளவு அரிசி என்று அளந்து கொடுக்கும் காலத்தில் கூடுதலாக ஆறு தலை வந்தால் என்ன செய்வது? பல மாநிலங்களில் விருந்தினர் கட்டுப்பாட்டு ஆணை என்றே ஒன்று போட்டு, விசேஷங்களில் இத்தனை பேருக்கு மேல் சாப்பாடு போடக்கூடாது என்று வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஊரிலிருந்து வருகிறவர் பையில் முறுக்குக்கு அடியில் அரிசி இருக்கும். மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோவதற்குத் தடை இருந்ததால் ரயிலில் அது ஒரு சின்னக் கடத்தல். விருந்தாளியை வரவேற்கும் முன் பெரியம்மா அவர் பையைத்தான் வரவேற்பாளாம். அவளே சிரித்துக்கொண்டு சொன்னது.

பெரியம்மா என்று சொன்னதும் நிறுத்திக்கொள்ள முடியவில்லை. சால் வாழ்க்கையைப் பற்றி ஆண்கள் எழுதுவதெல்லாம் காலரிக் காற்று, மொட்டை மாடி நிலா, சீட்டுக் கச்சேரி என்றே இருக்கும். நானும் இதுவரை அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். செலவுக் கணக்கு வேறு பக்கத்தில் இருக்கிறது.

அந்தச் சாலில் தண்ணீர் விடியற்காலையில் வரும், இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடும். ஐந்து பேருக்கு ஒரு டிரம் போதும். பதினோரு பேருக்கு? பெரியம்மாவும் அக்காவும் மூன்றரை மணிக்கு எழுந்து குடங்களை வரிசையில் வைப்பார்கள். காலரியில் வரிசையாக ஆண்கள் படுத்திருக்க, அவர்கள் கால்களைத் தாண்டித் தாண்டித்தான் கழிவறைக்குப் போக வேண்டும். அதனால் ஆண்கள் எழுவதற்குள் பெண்கள் எல்லா வேலையையும் முடித்தாக வேண்டும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, அடுப்படியில் கடைசிப் பாத்திரம் கழுவிய ஈரம் காய்ந்த பின்புதான் பெரியம்மாவுக்குப் பாய். பன்னிரண்டு நாளும் அவளுக்கு நாலு மணி நேரத் தூக்கம்கூட இருந்திருக்காது.

சென்ற வருடம் பெரியம்மாவிடம் இதைக் கேட்டேன். எண்பதைத் தாண்டிவிட்டாள், டோம்பிவிலியில் மகன் வீட்டில் இருக்கிறாள். "நீங்கல்லாம் வருவீங்கன்னு ஒரு மாசம் முன்னாடியே சந்தோஷமா இருக்கும்லே. வந்த மறுநாள்லேருந்து எப்பப் போவீங்கன்னு இருக்கும். போன பிறவு ரெண்டு நாள் அழுகையா வரும்" என்றாள். இந்த விஷயத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு நேர்மையான வாக்கியம் இல்லை.

ரயிலுக்கும் இதில் பங்கு உண்டு. 1871-ல் ராய்ச்சூரில் இரண்டு கம்பெனிகளின் தண்டவாளங்களும் சேர்ந்து பம்பாயும் மெட்ராஸும் இணைந்தன. அன்றுமுதல் நூறு வருடத்துக்கு மேல் விருந்தாளிகள் மரப்பலகையில்தான் வந்தார்கள். அதனால் ஹோல்டாலில் மெத்தை, தலையணை, போர்வை எல்லாம் சுருட்டிக் கொண்டுவந்தார்கள். விருந்தாளிக்கு நாம் கொடுக்க வேண்டியது தரை மட்டும். 1977-ல் ரயில்வே மந்திரியான மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகைகளுக்கு இரண்டு அங்குல ஃபோம் மெத்தை போட வைத்தார். ஏழைகளுக்கு ரயில்வே செய்த மிகப் பெரிய உபகாரங்களில் ஒன்று, சந்தேகமே இல்லை. கூடவே ஹோல்டாலும் மெல்ல மறைந்தது. விருந்தாளிகள் சூட்கேஸோடு வந்தார்கள், மெத்தைகளைச் சேர்த்துவைக்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. கட்டிலின் மேல் ஆளுயரத்துக்கு மெத்தை அடுக்கி, மேலே பெட்ஷீட் போட்டு மூடிவைத்த வீடுகள் உங்கள் நினைவில் இருக்கும்.

எத்தனை நாள் தங்குவது என்பதையும் ரயில்தான் தீர்மானித்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் திரும்பும் டிக்கெட்டுக்கு ஸ்டேஷனிலிருந்து தந்தி அடித்துக் காத்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இன்னும் நாலு நாள். விருந்தாளி எப்போது கிளம்புவார் என்பது அவருக்கே தெரியாது, அதனால் யாருக்கும் சங்கடமும் இல்லை. 1999-ல் முன்பதிவுக் கம்ப்யூட்டர்கள் நாடு முழுக்க ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பின், போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரத்தில் டிக்கெட். 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு. ஆகவே தீபாவளிக்கு யார் வருகிறார்கள், எந்தத் தேதி கிளம்புகிறார்கள் என்பது இரண்டு மாதம் முன்பே குடும்ப வாட்ஸப் குழுவில் வந்துவிடுகிறது. வசதிதான். ஆனால் தேதி தெரிந்துவிட்டால் நாளை எண்ணத்தானே தோன்றும்?

இனி நாம் இருக்கும் ஃப்ளாட்டுகளுக்கு வருவோம். மும்பையில் 1964 திட்டத்திலிருந்து எஃப்.எஸ்.ஐ. என்ற மந்திரம் உண்டு. மனையின் பரப்பில் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற விகிதம். 1991 விதிகளின்படி தீவு நகரத்தில் 1.33, புறநகரில் 1. பால்கனிக்கு மட்டும் ஒரு சலுகை: தளப் பரப்பில் பத்து சதவீதம் வரை அது கணக்கில் வராது. பிறகு கட்டணம் கட்டி அதை அடைத்துக்கொள்ளவும் செய்யலாம். விட்டுவிடுவோமா? நகரம் முழுக்கப் பால்கனிகள் கண்ணாடி போட்டு அறைகளாயின. விருந்தாளி வந்தால் தாத்தா பால்கனியில் படுப்பார், மற்ற நாளில் பையன் அங்கே படிப்பான். திண்ணைக்குப் பிறகு நம் வீடுகளில் விருந்தாளிக்கென்று கிடைத்த இடம் இந்த அடைத்த பால்கனிதான். 2012 ஜனவரியில் விதியை மாற்றி, பால்கனியையும் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பில்டர்கள் செய்த அட்டகாசத்துக்கு அது தேவைதான். கூடவே சோஃபா-கம்-பெட் வியாபாரமும் செழித்திருக்கும்.

சொசைட்டி என்ற ஒன்றும் இருக்கிறது. 1915-ல் காம்தேவியில் சாரஸ்வத் சமூகத்தினர் கூட்டுறவு முறையில் வீடு கட்டிக்கொண்டதுதான் இந்த ஊரில் ஆரம்பம். சேர்ந்து இருக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். இன்று என் சொசைட்டியில் மொட்டை மாடி பூட்டியிருக்கிறது. நடைபாதையில் செருப்பு ஸ்டாண்டு வைத்தாலே தீயணைப்பு விதியைக் காட்டி நோட்டீஸ். (அந்த விதி நியாயமானது, தீ என்று வந்தால் ஓடத்தானே அந்த வழி.) வாட்ச்மேன் ஃபோனில் ஆப் வைத்திருக்கிறார், மாமனார் கீழே நின்று அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. 160 சதுர அடியிலிருந்து 600, 700 சதுர அடிக்கு வந்துவிட்டோம். உள்ளே விரிக்கக்கூடிய பாய் கூடியிருக்கிறது, வெளியே விரித்த பாய் அத்தனையும் போய்விட்டது. அதோடு பெரியம்மாக்களின் மூன்றரை மணிக் குடமும் போயிருக்கிறது. இதில் எது வரவு, எது செலவு என்று எழுதச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே எனக்கும் மனைவிக்கும் ஒரே பக்கத்தில் விழாது.

2025 ஆகஸ்டில் வொர்லி பி.டி.டி. சால்காரர்கள் 556 குடும்பங்களுக்குப் புது அடுக்குமாடியில் சாவி கொடுத்தார்கள். 160 சதுர அடிக்குப் பதில் 500 சதுர அடி, உள்ளேயே கழிவறை. நூறு வருடம் காத்திருந்து வாங்கியது, யாரும் குறை சொல்ல முடியாது. அந்த வருடக் கணபதிக்குச் சிலராவது எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கொங்கணத்துக்குக் கிளம்பியிருப்பார்களா என்று அறிய ஆசை.

இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு ஒன்பது பேர் வருகிறார்கள். மதினி குடும்பம் நாலு, தங்கை குடும்பம் மூன்று, அம்மா, அப்பா. எங்களையும் சேர்த்தால் பதின்மூன்று. இரண்டு பெட்ரூம், ஒரு ஹால், இரண்டு கழிவறை. எதிர்வீட்டில் ஒரு குஜராத்திக் குடும்பம். ஒவ்வொரு தீபாவளிக்கும் பாவ்நகர் போய்விடுவார்கள். ஏழு வருடமாக எதிரெதிரே இருக்கிறோம், லிஃப்டில் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். மனைவிதான் போய்க் கேட்டாள். அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை, சரி என்றுவிட்டார். சொசைட்டி செக்ரட்டரிதான் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றார், கொடுத்துவிட்டோம். சமையலறையில் மட்டும் முட்டைகூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதில் பிரச்சினை இல்லை. இந்த முறை அப்பாவும் மச்சானும் பையன்களும் அங்கே, பெண்கள் இங்கே. காலைக் காப்பியும் தண்ணீர் பிடிப்பதும் ஆண்கள் பொறுப்பு என்று குழுவில் எழுதியாகிவிட்டது. மச்சான் இன்னும் பதில் போடவில்லை. லாப பஞ்சமிக்கு அவர்கள் கடை திறக்க வேண்டும், அதற்குள் திரும்பிவிடுவார்கள். நம் ஆட்களுக்கு அதற்கு முந்தைய நாள் டிக்கெட். ஏழு பேருக்கு உறுதியாகிவிட்டது, இரண்டு பேர் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறார்கள்.